முட்டாளுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

முட்டாளைக் குறிக்க ஆங்கிலத்தில் மிகவும் புழங்கும் சொல் ‘ஃபூல்’. அதன் வேர் கொல்லன் பட்டறையில் இருக்கிறது. லத்தீனில் ‘ஃபோலிஸ்’ என்றால் துருத்தி. காற்றடைத்த தோற்பை என்றும் பொருள். உள்ளே சரக்கில்லாமல் காற்றை மட்டும் ஊதித் தள்ளுகிறவனைப் பிற்கால லத்தீன் பேச்சு இந்தப் பெயரால் அழைத்தது. அது பழைய பிரெஞ்சில் ‘ஃபோல்’ ஆகி, நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரெஞ்சில் அதே சொல் ‘ஃபூ’ என்ற உருவில் இன்று பெரும்பாலும் பைத்தியத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் பைத்தியம் என்ற பொருள் நாளடைவில் உதிர்ந்துபோய், அறிவின்மை மட்டும் தங்கிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் ஏராளம். இடியட், சில்லி, டன்ஸ், ஸ்டுப்பிட், இம்பெசில், மோரான், க்ரெட்டின் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றில் பல, வசையாகப் பிறந்தவை அல்ல. ஒன்று சாதாரணக் குடிமகனைக் குறித்தது. ஒன்று கடவுளின் அருள் பெற்றவனை. ஒன்று பெரிய தத்துவ அறிஞர் ஒருவரின் ஊர்ப்பெயர். ஒவ்வொரு காலத்திலும் யார் ஏளனத்துக்கு ஆளானார்களோ அவர்களுடைய பெயர் வசையாயிற்று. இந்தச் சொற்களின் கதை அரண்மனை, நீதிமன்றம், பல்கலைக்கழகம், கிராமம், மருத்துவமனை என்று பல வாசல்கள் ஏறி இறங்குகிறது.

இங்கிலாந்தின் அரண்மனைகளில் ‘ஃபூல்’ என்பது ஒரு பணியின் பெயராகவும் இருந்தது. அதில் இரு வகை உண்டு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர் ‘நேச்சுரல் ஃபூல்’, இயற்கை முட்டாள். முட்டாளைப் போல நடித்துச் சிரிக்கவைப்பவர் ‘ஆர்ட்டிஃபிஷியல் ஃபூல்’, செயற்கை முட்டாள். முதல் வகையினரை அரசர்களும் பிரபுக்களும் சோறும் துணியும் கொடுத்து வீட்டோடு வைத்திருந்தார்கள். சூது அறியாதவர் வாயில் உண்மைதான் வரும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். வேடிக்கை பார்க்கும் ஆசை இன்னொரு காரணம்.

எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்த வில் சோமர்ஸ் இவர்களில் பேர்பெற்றவர். பிற்காலக் கதைகள் அவரை வாய்ச்சாலம் மிக்க விகடகவியாகக் காட்டுகின்றன. ஆனால் அவரைக் கவனித்துக்கொள்ளத் தனி ஆள் அமர்த்தப்பட்டிருந்தது அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது; அதனால் அவரை இயற்கை முட்டாள் வகையில் சேர்க்கும் ஆய்வாளர்கள் இன்று உண்டு. 1545 வாக்கில் வரையப்பட்ட ஹென்றியின் குடும்ப ஓவியத்தில் இரு ஓரத்து வளைவு வாசல்களிலும் இருவர் நிற்கிறார்கள். அவர்கள் சோமர்ஸும் ‘ஜேன் தி ஃபூல்’ என்று அழைக்கப்பட்ட பெண்ணும் என்று கருதப்படுகிறது. அரச குடும்பத்துப் படத்தில் இடம் கிடைத்தது பெருமைதான். ஆனால் இவர்கள் கைமாற்றப்படும் பொருளாகவும் இருந்தார்கள். கார்டினல் வுல்சியின் செல்வாக்கு 1529இல் சரிந்தபோது, ‘பேட்ச்’ என்ற தன் முட்டாளை அவர் அரசருக்குக் காணிக்கையாக அனுப்பினார். எஜமானை விட்டுப் போகமாட்டேன் என்று முரண்டுபிடித்த அந்த மனிதரைக் கொண்டுசெல்ல வாட்டசாட்டமான 6 ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்று வுல்சியின் பணியாளர் ஜார்ஜ் கேவண்டிஷ் எழுதிய வரலாறு சொல்கிறது.

இரண்டாம் வகை மேடைக்கு ஏறியது. ஷேக்ஸ்பியரின் குழுவில் 1599 வாக்கில் சேர்ந்த ராபர்ட் ஆர்மின் என்ற நடிகர், இயற்கை முட்டாள்கள் 6 பேரைப் பற்றி 1600இல் ஒரு நூலே எழுதியவர். அவர் குழுவுக்கு வந்த பிறகுதான் டச்ஸ்டோன், ஃபெஸ்டே, லியர் மன்னனின் ஃபூல் ஆகிய கூர்மையான பாத்திரங்கள் உருவாயின. அரசனிடம் மற்றவர்கள் சொல்லத் துணியாததை முட்டாள் வேடத்தில் இருப்பவன் சொல்லிவிடலாம். இந்த உரிமைக்கும் எல்லை இருந்தது. முதலாம் சார்லஸின் அவை விகடகவி ஆர்ச்சி ஆம்ஸ்ட்ராங், ஸ்காட்லாந்து விவகாரத்தில் பேராயர் லாடைக் குத்திக்காட்டியதற்காக 1638இல் அங்கியைக் கழற்றிக்கொண்டு வெளியேற்றப்பட்டார். சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதோடு அரண்மனை முட்டாள் பதவியும் ஏறக்குறைய முடிந்துபோனது.

ஆனால் அந்தப் பதவியால் ‘ஃபூல்’ என்ற சொல்லுக்கு மற்ற வசைகளுக்கு இல்லாத ஒரு சாயல் நிலைத்துவிட்டது. ‘அறிவாளி முட்டாள்’ என்ற கருத்தை ஆங்கிலத்தில் ஃபூலை வைத்துச் சொல்லலாம். இடியட்டை வைத்தோ மோரானை வைத்தோ சொல்ல முடியாது. ஃபூலுக்குள் பரிவும் நுழையும். அக்கால ஆங்கிலத்தில் குழந்தையையும் காதலியையும் கொஞ்சக்கூட அச்சொல் பயன்பட்டது. வினைச்சொல்லாக வந்தால் ஏமாற்றுவதைக் குறிக்கும். ஒருவன் இயல்பில் முட்டாளாக இருக்கத் தேவையில்லை, ஒரு நாள் ஒரு பொழுது ஏமாந்தால்கூட அவன் ஃபூல்தான். ஏப்ரல் முதல் தேதி யாரும் ஏப்ரல் இடியட் ஆவதில்லை.

தமிழ்நாட்டில் மனு எழுதவும் தேர்வு எழுதவும் கடையில் வாங்கிய ‘ஃபுல்ஸ்கேப்’ தாளில் இருப்பதும் இந்த முட்டாளேதான். ‘முழு அளவு’ என்ற பொருளில் ஃபுல் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மணிகள் தொங்கும் முட்டாள் குல்லாயை நீர்க்குறியாகப் பதித்த தாள் 15ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இருந்தது. குல்லாய்க் குறி கொண்ட தாளுக்கு ‘ஃபூல்ஸ் கேப்’ என்று பெயர் வந்து, பிறகு குறி மறைந்து, அந்த அளவுக்கு மட்டும் பெயர் நின்றது. ஆலிவர் கிராம்வெல் காலத்து நாடாளுமன்றம் அரச முத்திரையை இழிவுபடுத்த இந்தக் குல்லாயைப் புகுத்தியது என்றொரு கதை உலவுகிறது. அவர்களுக்கு ஏறக்குறைய 2 நூற்றாண்டுகளுக்கு முன்பே குறி இருந்ததால் அந்தக் கதை நிற்காது.

‘இடியட்’ வந்த வழி வேறு. கிரேக்கத்தில் ‘இடியோஸ்’ என்றால் தனக்கே உரியது. ‘இடியோட்டெஸ்’ என்றால் பொதுப் பதவி எதுவும் வகிக்காத தனி ஆள். தொழில் தெரிந்தவனுக்கு எதிராக, அந்தத் தொழில் பழகாத பொதுஜனத்தையும் அது குறிக்கும். வைத்தியனுக்கு முன்னால் நிற்கும் மற்ற எல்லோரும் இடியோட்டெஸ்தான். அதில் இழிவு ஏதும் இல்லை. கிரேக்க மொழி விவிலியத்தில், அப்போஸ்தலர் பணிகள் 4ஆம் அதிகாரத்தில், பேதுருவையும் யோவானையும் பற்றி அதே சொல் வருகிறது: படிப்பில்லாத சாமானியர்கள் என்ற பொருளில். லத்தீனுக்குப் போனபோது ‘படிக்காதவன்’ என்ற பொருள் முன்னுக்கு வந்தது. லத்தீன் அறிந்தவனே அறிவாளி என்றிருந்த இடைக்கால ஐரோப்பாவில், படிக்காதவனுக்கும் அறிவில்லாதவனுக்கும் நடுவிலிருந்த கோடு எளிதில் அழிந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் ஏற்ற சொல்லில் இரண்டு பொருளும் கலந்திருந்தன.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது சட்டம். அரசரின் தனி உரிமைகளைச் சொல்லும் ‘டி பிரரோகட்டிவா ரெஜிஸ்’ என்ற இடைக்கால ஆவணம், அறிவு குன்றியோரின் நிலங்களை 2 விதமாகப் பிரித்தது. பிறவி முட்டாளின் நிலம் அவன் ஆயுள் முழுவதும் அரசர் கையில் இருக்கும். அவனுக்குச் சோறு துணி கொடுத்துவிட்டு மிச்ச வருமானத்தை அரசர் எடுத்துக்கொள்ளலாம். முன்பு தெளிவாக இருந்து பிறகு புத்தி கலங்கியவனின் நிலத்திலோ அரசர் ஒரு காசும் எடுக்கக்கூடாது. அவன் தெளிந்ததும் கணக்கோடு திருப்பித்தர வேண்டும். முதல்வனுக்குச் சட்டத்தில் நிலைத்த பெயர் இடியட். இரண்டாமவனுக்கு, நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு புத்தி மாறுகிறது என்ற நம்பிக்கையால், ‘லூனடிக்’.

வருமானம் யாருக்கு என்பது ஒற்றைச் சொல்லில் தொங்கியதால், ஒருவனை இடியட் என்று நிரூபிப்பதில் பலருக்கு ஆதாயம் இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பாளராகும் உரிமையை அரசர் தமக்கு வேண்டியவர்களுக்கு வழங்குவார். அதற்காக மனுப் போட்டுக் காத்திருப்போர் உண்டு. ‘ஒருவனை ஃபூலாகக் கேட்டு வாங்குதல்’ என்ற தொடர் அக்கால ஆங்கிலத்தில் பழமொழி போல வழங்கியது இதனால்தான். ஜூரி வந்து அமர்ந்து சோதனை நடத்தும். 1534இல் அந்தோனி ஃபிட்ஸ்ஹெர்பர்ட் எழுதிய சட்டநூலின்படி, 20 பென்னிகளை எண்ணத் தெரியாதவன், தாய் தகப்பன் யாரென்று சொல்லத் தெரியாதவன், தன் வயது தெரியாதவன் இடியட். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் அவன் இடியட் ஆகமாட்டான். 1760களில் வில்லியம் பிளாக்ஸ்டன் ஆங்கிலச் சட்டத்தைத் தொகுத்தபோதும் இதே அளவுகோலைத்தான் எடுத்துக்காட்டினார். அறிவைக் காசு எண்ணும் திறனால் அளந்தது தற்செயல் அல்ல. சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியுமா என்பதே அந்தச் சட்டத்தின் கவலையாக இருந்தது.

அதே நீதிமன்றத்திலிருந்து இன்னொரு சொல்லும் புறப்பட்டது. ‘இக்னோரேமஸ்’ என்பது லத்தீனில் ‘நாங்கள் அறியோம்’ என்ற முழு வாக்கியம். குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்றால், கிராண்ட் ஜூரி அந்த மனுவின் முதுகில் இப்படி எழுதித் திருப்பி அனுப்பும். 1615இல் கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் ஜார்ஜ் ரகிள் எழுதிய லத்தீன் நகைச்சுவை நாடகம் ஒன்று அரங்கேறியது. அரைகுறை லத்தீனும் சட்டச் சொற்களும் கலந்து பிதற்றும் ஒரு வழக்கறிஞர் அதில் கதாநாயகர். அவர் பெயர் இக்னோரேமஸ். நாடகத்தின் பெயரும் அதுதான். கேம்பிரிட்ஜ் நகர நிர்வாகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பகையில், நகரத்தின் சட்ட அதிகாரியைக் கேலி செய்ய எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மன்னருக்குப் பிடித்துப்போய் மறுமுறையும் வந்து பார்த்தார். ‘நாங்கள் அறியோம்’ என்ற நேர்மையான ஒப்புதல், ஒன்றும் அறியாமலே அறிந்ததுபோல் ஆடுபவனின் பெயராயிற்று. இன்றும் வெறும் அறியாமைக்கு அந்தச் சொல் பொருந்தாது. அறியாமையோடு கொஞ்சம் பகட்டும் சேர வேண்டும்.

கல்விக்கூடத்தில் பிறந்த வசைகளில் மிகவும் அநியாயமானது ‘டன்ஸ்’. ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் 1266 வாக்கில் ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் பிறந்தவர். டன்ஸ் அவருடைய ஊர். ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்து, 1308இல் கொலோன் நகரில் இறந்தார். இழைபிரித்து ஆராயும் அவருடைய வாதத் திறனுக்காக ‘நுட்ப ஆசான்’ என்ற பட்டம் பெற்றவர். அவர் இறந்து 2 நூற்றாண்டுகள் கழித்து, கிரேக்கமும் செவ்வியல் லத்தீனும் முழங்கிய மறுமலர்ச்சி அறிஞர்கள் பழைய தருக்கக் கல்வியைத் தாக்கினார்கள். ஸ்கோட்டசைப் பின்பற்றியோர் விடாமல் எதிர்த்து வாதாடினார்கள். ‘டன்ஸ்’ என்றால் மயிர் பிளக்கும் வாதக்காரன், புதியதைக் கற்க மறுப்பவன் என்று எதிரணி சொல்லத் தொடங்கியது. சீர்திருத்தக் காலத்தில் அரசும் சேர்ந்துகொண்டது. 1535இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆய்வுக்குச் சென்ற ரிச்சர்ட் லேட்டன், நியூ காலேஜ் முற்றம் முழுவதும் டன்சின் நூல்களிலிருந்து கிழிந்த ஏடுகள் காற்றில் பறந்ததைப் பற்றி, எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்குப் பெருமையோடு கடிதம் எழுதினார். அந்த ஏடுகளை ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார். காட்டு மான்கள் எல்லை தாண்டாமல் மிரட்டுவதற்குத் தொங்கவிட அவருக்குத் தாள் தேவைப்பட்டது.

16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘டன்ஸ்’ வாதத்தை மறந்து, படிப்பு ஏறாத மாணவனைக் குறிக்கத் தொடங்கியது. அலெக்சாண்டர் போப் 1728இல் தம் எதிரிகளை எல்லாம் மந்தர்களின் அரசில் குடியேற்றிய நெடுங்கவிதைக்கு ‘டன்சியாட்’ என்று பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டு வகுப்பறையில், பாடம் ஒப்பிக்காத சிறுவனுக்குக் கூம்புக் குல்லாய் மாட்டி மூலையில் நிறுத்தினார்கள். ‘டன்ஸ் குல்லாய்’ 1840 வாக்கில் டிக்கன்சின் நாவலில் வருகிறது. ஐரோப்பாவின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்றின் பெயர், தலையில் குல்லாய் ஏந்தி அழும் குழந்தையின் பெயராக ஆனது. ஸ்கோட்டசுக்கு 1993இல் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் அருளாளர் பட்டம் உறுதிசெய்தார். அகராதியில் அவர் பெயருக்கு இருக்கும் பொருள் மாறவில்லை.

அருளாளர் என்ற சொல்லே முட்டாள் ஆன கதையும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘சேலிக்’ என்றால் அருள் பெற்றவன், மகிழ்ச்சி நிறைந்தவன். அதன் உடன்பிறப்பான ‘செலிக்’ ஜெர்மனில் இன்றும் அந்தப் பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் அது படிப்படியாக இறங்கியது. அருள் பெற்றவன் கள்ளமற்றவன், கள்ளமற்றவன் தற்காப்பற்றவன், தற்காப்பற்றவன் இரங்கத்தக்கவன், இரங்கத்தக்கவன் பலவீனன், கடைசியில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புத்தி பலவீனன். இடைப்பட்ட காலத்து ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டியையும் ஏழை விதவையையும் சில்லி என்று சொன்னால் அது திட்டு ஆகாது, இரக்கம். தமிழில் ‘பேதை’ ஏறத்தாழ இந்தப் பாதையில் பாதி தூரம் வந்து, இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் நடுவில் நிற்கிறது.

பழைய பொருள்களின் வெப்பம் ‘சில்லி’யில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முட்டாள்தனச் சொற்களில் மிக மென்மையானது அதுதான். தாய் பிள்ளையிடமும் நண்பன் நண்பனிடமும் சொல்லலாம், கேட்டவர் சிரித்துவிடுவார். கிரிக்கெட்டில் மட்டையாளருக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்கும் தடுப்பாளரின் இடம் ‘சில்லி பாயிண்ட்’, ‘சில்லி மிட் ஆன்’. அவ்வளவு அருகில் பந்தின் பாதையில் போய் நிற்கும் அசட்டுத் துணிச்சலை அந்தப் பெயர் குறிக்கிறது.

சில்லி இறங்கிய படிக்கட்டில் ஏறி வந்த சொல் ‘நைஸ்’. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் அசட்டுத்தனமானவன். பிறகு ஆடம்பரக்காரன், அற்பத்துக்கும் முகம் சுளிப்பவன், நுணுக்கம் பார்ப்பவன், நுட்பமானது என்று மாறிமாறி, 18ஆம் நூற்றாண்டில் ‘இனிமையானது’ என்ற இடத்தில் வந்து அமர்ந்தது. எதற்கெடுத்தாலும் நைஸ் சொல்லும் பழக்கத்தை ஜேன் ஆஸ்டின் தம் ‘நார்த்தேங்கர் அபி’ நாவலில் ஹென்றி டில்னியை விட்டுக் கிண்டல் செய்யவைத்தார். ஒரே வேரிலிருந்து பிரிந்து எதிரெதிர்த் திசையில் போன சொற்களும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் பக்குவமான, சாந்தமான என்று பொருள்பட்ட ஒரு சொல், ‘டெஃப்ட்’ ஆகிக் கைத்திறனையும், ‘டாஃப்ட்’ ஆகிக் கிறுக்குத்தனத்தையும் குறிக்கிறது. சாதுவாக இருப்பவனைத் திறமைசாலி என்பதா, அசடு என்பதா என்று மொழி தீர்மானிக்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டது.

நல்ல சொல் வசையான கதைகளில் நெஞ்சைத் தொடுவது ‘க்ரெட்டின்’. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டு, குள்ளமாகவும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிறந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். உள்ளூர்ப் பிரெஞ்சில் அவர்களைக் ‘க்ரெஸ்தேன்’, அதாவது கிறிஸ்தவர் என்றார்கள். அந்த ஊர்ப் பேச்சில் கிறிஸ்தவர் என்றால் மனிதர். இவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ள வைத்த பெயர் அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 18ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களும் பயணிகளும் அதை எழுத்தில் ஏற்றினார்கள். திதெரோவின் கலைக்களஞ்சியத்திலும் இடம்பெற்றது. நோயின் பெயராக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து தெருச்சண்டை வசையாயிற்று. சுவிட்சர்லாந்து 1922இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகு அந்த நோய் அங்கே மறைந்தது. வசை மட்டும் பிழைத்துக்கொண்டது.

நகரத்தார் கிராமத்தாரைப் பார்த்த பார்வையிலும் பல சொற்கள் விளைந்தன. ‘கிளவுன்’ முதலில் பட்டிக்காட்டான். ‘பூர்’ வெறும் குடியானவன். ‘வில்லன்’ பண்ணை ஆள். மூன்றில் ஒன்று கோமாளியாகவும், ஒன்று நாகரிகமற்றவனாகவும், ஒன்று கொடியவனாகவும் முடிந்தன. ‘ஓஃப்’ என்பது வனதேவதைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொட்டிலில் மாற்றிவைத்துவிட்டுப் போன குழந்தை. வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு ஊரார் கண்ட காரணம் அது. விலங்குகளில் கழுதையும் வாத்தும் எல்லா நாட்டிலும் அகப்பட்டவையே. ஆங்கிலம் கூடுதலாகக் கடற்பறவைகளைப் பிடித்தது: மனிதரைக் கண்டு பறக்கத் தெரியாத பறவைக்குக் கடலோடிகள் ஸ்பானிய மொழியில் அசடு என்று பொருள்படும் ‘பூபி’ என்ற பெயரைக் கொடுத்தார்கள். தொப்பி மாட்டும் மரக்கட்டைத் தலை ‘பிளாக்ஹெட்’ ஆனது. தமிழின் ‘மரமண்டை’க்கு அது நேர் அண்ணன்.

‘ஸ்டுப்பிட்’ லத்தீனில் திகைத்து நிற்பது. பெருவியப்பைச் சொல்லும் ‘ஸ்டுப்பெண்டஸ்’ அதே வேர்தான். 16ஆம் நூற்றாண்டில் அடிபட்டு மரத்துப்போன நிலையைக் குறித்த சொல், மெல்ல மந்த புத்திக்குப் பெயரானது. ஆகவே அதில் கடுமை அதிகம். சில்லி ஒரு செயலைச் சொல்லும், ஃபூலிஷ் ஒரு முடிவைச் சொல்லும். ஸ்டுப்பிட் மூளையையே சொல்லும். முட்டாள்தனமாகப் பணத்தை இழந்த புத்திசாலியை ஃபூலிஷ் என்று நாகரிகமாகச் சொல்லிவிடலாம். ஸ்டுப்பிட் என்றால் அவர் சண்டைக்கு வருவார். தமிழ் வீடுகளில் பிள்ளைகளை ‘இடியட்’, ‘ஸ்டுப்பிட்’ என்று ஒரே மூச்சில் திட்டும்போது இந்த வேறுபாடுகள் கரைந்துவிடுகின்றன. கடன் வாங்கிய வசைக்கு எப்போதும் எடை குறைவு.

19ஆம் நூற்றாண்டில் சட்டத்தின் கையிலிருந்த சொற்கள் மருத்துவத்தின் கைக்கு மாறின. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ரீட் என்ற பாதிரியார் 1847இல் தொடங்கிய அறநிறுவனம், சர்ரே மாவட்டத்தில் எர்ல்ஸ்வுட் காப்பகத்தை 1855இல் திறந்தது. ‘இடியட்களுக்கான காப்பகம்’ என்றே அதற்குப் பெயர். அன்று அது கருணையின் சொல். அந்தக் காப்பகத்தில் வாழ்நாளைக் கழித்த ஜேம்ஸ் ஹென்றி புல்லனுக்குக் காது கேளாது, பேச்சும் சரியாக வராது. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ நீராவிக் கப்பலின் மாதிரியை அவர் தம் கையாலேயே மிக நுட்பமாகச் செய்து முடித்தார், பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். பதிவேட்டில் அவர் இருந்த கட்டிடத்தின் பெயர் மாறவில்லை.

அறிவைப் படிகளாகப் பிரிக்கும் ஆர்வம் அப்போது மருத்துவர்களைப் பிடித்திருந்தது. மிகக் கீழே இடியட். அதற்கு மேலே இம்பெசில். இம்பெசில் லத்தீனில் வெறும் பலவீனன், உடலில் வலுவற்றவன்; பிரெஞ்சு மருத்துவம் அதை மனத்துக்கு மாற்றியிருந்தது. 1905இல் ஆல்ஃபிரட் பினேயும் தியோடோர் சிமோனும் பாரிஸ் பள்ளிகளுக்காக அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார்கள். தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவுவது பினேயின் நோக்கம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆய்வு நடத்திய ஹென்றி கோடார்ட் அதை 1908இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சோதனையில் மன வயது 2க்குள் நின்றால் இடியட், 3 முதல் 7 வரை இம்பெசில். 8 முதல் 12 வரை உள்ளவர்களுக்குச் சொல் இல்லை. 1910இல் கோடார்ட் அவர்களுக்காகக் கிரேக்கத்தில் முட்டாள் என்று பொருள்படும் ‘மோரோஸ்’ என்பதிலிருந்து ‘மோரான்’ என்ற புதுச் சொல்லைச் செய்தார். தாமஸ் மோரின் பெயரோடு விளையாடி எராஸ்மஸ் 1509இல் முட்டாள்தனத்துக்குப் புகழுரை எழுதியபோது எடுத்துக்கொண்டதும் இதே கிரேக்கச் சொல்தான். எராஸ்மஸ் அதை வைத்து அதிகாரத்தைக் கேலி செய்தார். கோடார்ட் அதை அதிகாரத்தின் கையில் கொடுத்தார்.

மோரான் பார்வைக்கு எல்லோரையும் போல இருப்பான், பேசுவான், வேலை செய்வான். ஆகவே அவனே மிக ஆபத்தானவன் என்று கோடார்ட் வாதிட்டார். குறை பரம்பரையாக வருவது என்று காட்ட 1912இல் ‘கல்லிகாக்’ என்ற கற்பனைப் பெயரில் ஒரு குடும்ப வரலாறு எழுதினார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தோரிடம் நடத்திய சோதனைகள் விசித்திரமான விடை தந்தன: வெள்ளையர்களின் சராசரி மன வயதே 13 என்று வந்தது. அளவுகோலின்படி நாட்டில் பாதிப்பேர் மோரான்கள். அளவுகோலில் பிழை என்று பலருக்கு அப்போதும் தோன்றவில்லை. 1928இல் கோடார்ட் தம் கருத்துகளில் சிலவற்றைத் தாமே திரும்பப் பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. விர்ஜினியா மாநிலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927 மே 2ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அனுமதித்தது. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும் என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தீர்ப்பில் எழுதினார். காப்பகத்தின் கணக்கிலேயே கேரியும் தாயும் இம்பெசில்கள் அல்லர், மோரான்கள். நீதிபதி அந்த வேறுபாட்டைக்கூடப் பொருட்படுத்தவில்லை. குறையுள்ளது என்று சொல்லப்பட்ட பேத்தி விவியன், பள்ளிக்குப் போய் நல்ல மதிப்பெண் வாங்கி, 8 வயதில் நோயால் இறந்தாள். இத்தகைய சட்டங்களின்கீழ் அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு ஆளானார்கள். விர்ஜினியா ஆளுநர் 2002இல் மன்னிப்புக் கேட்டார். பிரிட்டன் கருத்தடைச் சட்டம் போடவில்லை. ஆனால் அதன் 1913ஆம் ஆண்டு மனக்குறைச் சட்டம் இடியட், இம்பெசில், பலவீன மனத்தர், ஒழுக்க இம்பெசில் என்று 4 வகை பிரித்து, காப்பகங்களில் அடைத்துவைக்க வழிசெய்தது.

மருத்துவ நூலில் இருந்த இந்தச் சொற்கள் பள்ளி முற்றத்துக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. அவை கெட்டுப்போனதும் மருத்துவம் புதுச் சொல் தேடியது. பிரிட்டனின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய நான்கையும் நீக்கி ‘சராசரிக்குக் கீழ்’ என்று மாற்றியது. அமெரிக்காவில் ‘மென்டல் ரிடார்டேஷன்’, அதாவது மனவளர்ச்சித் தாமதம் என்ற சொல் மரியாதைக்காகவே புகுந்தது. அதன் சுருக்கம் ஒரு தலைமுறைக்குள் மிகக் கொடிய வசையாயிற்று. 2010இல் ‘ரோசாவின் சட்டம்’ கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அதை நீக்கி ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதியது. பிரிட்டனில் ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ என்ற தொண்டு நிறுவனம், தன் பெயரைச் சிறுவர்கள் திட்டாக்கிக்கொண்டதால் 1994இல் ‘ஸ்கோப்’ என்று பெயரையே மாற்றிக்கொண்டது. மறுபக்கம், ஓஹாயோ, கென்டக்கி, மிசிசிப்பி மாநிலங்களின் அரசியல் சாசனங்களில் இடியட்களுக்கு வாக்குரிமை இல்லை என்ற வாசகம் நீடித்திருக்கிறது. பொதுப் பதவி வகிக்காதவன் என்று கிரேக்கர் வைத்த பெயர், பொது வாழ்வில் பங்கேற்கவிடாமல் தடுக்கும் பெயராக அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சி இந்தச் சொற்களை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், புத்தி தெளிந்திருக்கும் இடைவேளையில் ஒருவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்கிறது. லூனடிக் தெளிவடையக்கூடும் என்ற பழைய இங்கிலாந்துக் கருத்து அது. 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டமோ, லூனடிக் என்றால் இடியட் அல்லது புத்தி சுவாதீனமற்றவர் என்று விளக்கம் கொடுத்து இருவரையும் ஒரே கூரையின்கீழ் தள்ளியது. 1928ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் தடைநீக்கச் சட்டம் உடற்குறையுள்ளோருக்குச் சொத்தில் பங்கை மீட்டுக் கொடுத்தபோதும், பிறவி லூனடிக்கையும் பிறவி இடியட்டையும் விலக்கியே வைத்தது. நோயோ குறையோ எதுவும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இரண்டு சொற்களையும் கைவிட்டு, மனநோயையும் மனவளர்ச்சிக் குறைவையும் மறுபடி தனித்தனியே பிரித்தது. மனவளர்ச்சிக் குறைவு என்று 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த சொல், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு என்று மாறியது.